கோட்கர் மலையில் ஆப்பிள் பறித்தோம்

டில்லியில் குடியேறிவிட்ட நமக்கு ஆப்பிள் அதிசயப் பொருளன்று. ஆடி மாதம் நடுவாகிவிட்டால் தள்ளுவண்டிகளில் குவித்து வைத்துக் கூவி விற்கிறார்கள். ஊர்ப் பக்கத்தில் அதற்கிருந்த மதிப்பே வேறு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது, ஹார்லிக்ஸ் புட்டியோடு சேர்த்து எடுத்துச் செல்லும் பழம் அது. எங்கள் தாயார் இன்றுகூட வீட்டில் ஆப்பிளைக் கண்டால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் முதலில் கேட்பார். மாமரத்தடியிலும் கொய்யா மரத்தின் மேலும் வளர்ந்த நாம், ஆப்பிள் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். நம் குழந்தைகளோ மாமரத்தையும் படத்தில் பார்ப்பவர்கள்.

சங்கத்தின் அடுத்த உல்லாசப் பயணத்தை ஓர் ஆப்பிள் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டால் என்ன, குழந்தைகள் தங்கள் கையாலேயே பழம் பறித்துத் தின்னட்டுமே என்று அன்பர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். ஒரு பேருந்து அமர்த்தினால் ஐம்பது பேர் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்த யோசனை எங்கள் மனத்தில் இருந்தபடியால், 2024-ஆம் ஆண்டு கிருஷ்ண ஜயந்தி விடுமுறையை ஒட்டி இரண்டு குடும்பத்தார் சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கர் பகுதிக்குச் சென்று வந்தோம். பெரியவர்கள் ஐவர், குழந்தைகள் மூவர். கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம். பேருந்து விஷயத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர் ஊர் சுற்றப் போனாலும் ரயிலைத்தான் பார்ப்பார் என்று எங்கள் வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது உண்மையே. ஆகையால் கல்கா–சிம்லா சிறு ரயிலைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் அப்பால் போக மனம் வரவில்லை. இருப்புப் பாதையின் அகலம் இரண்டரை அடி. நீளம் 96 கிலோமீட்டர். 1903-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். சுமார் 650 மீட்டர் உயரத்திலுள்ள கல்காவிலிருந்து 2000 மீட்டருக்கு மேலுள்ள சிம்லாவுக்கு, பல்சக்கரம் எதுவும் இல்லாமல், வளைந்து வளைந்தே ஏறிவிடுகிறது. வழியில் 102 குகைகள். குழந்தைகள் எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் சண்டையாகி விட்டுவிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பரோக் குகை முடிந்ததும் வரும் நிலையத்தில் வண்டி சற்று நிற்கிறது. எல்லோரும் இறங்கித் தேநீர் குடிக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

சிம்லாவை நெருங்கும்போது சம்மர் ஹில் என்னும் நிலையம் வருகிறது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி பெருமழையில் இங்கே மலை சரிந்தது. சிவன் கோயிலில் வழிபாட்டுக்கு வந்திருந்தவர்கள் பலர் மண்ணில் புதைந்து மாண்டார்கள். பாதையின் அடியிலிருந்த கரை முழுவதும் அடித்துச் செல்லப்பட, தண்டவாளம் மட்டும் தொட்டில் கயிறு போல் அந்தரத்தில் தொங்கிற்று. அதைச் சரிசெய்து வண்டி ஓட்டியவர்களை நினைத்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்தோம். மழைக்காலத்தில் இந்த மலைகள் விளையாட்டுப் பொருளல்ல என்பதை அன்பர்கள் மறக்க வேண்டாம். ஆப்பிள் பழுப்பதோ அதே மழைக்காலத்தில்தான்.

சிம்லாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கே டில்லிக்காரர்களே நிறைந்திருந்தார்கள். ஒரு மோட்டார் வண்டி அமர்த்திக்கொண்டு உடனே கிளம்பினோம். தியோக், மத்தியானா, நார்கண்டா என்று திபெத்தை நோக்கிப் போகும் பழைய நெடுஞ்சாலை அது. நார்கண்டா ஏறக்குறைய 2700 மீட்டர் உயரம். தேவதாரு மரங்களுக்கிடையில் மேகம் சாலையைக் கடந்து போவதைப் பார்த்த எங்கள் தாயார், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஆவணி மாதத்திலேயே மார்கழி வந்துவிட்டதே!" என்றார். அங்கிருந்து கிளைச் சாலையில் இறங்கினால் தானேதார். கீழே வெகு ஆழத்தில் சட்லெஜ் நதி வெள்ளிக் கம்பி போல் ஓடுகிறது. அந்த ஆழத்திலிருந்து நாங்கள் நின்ற இடம் வரையிலும், அதற்கு மேலும், படிப்படியாக ஆப்பிள் தோட்டங்கள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து பல தோட்டங்களின் மேல் வலை கட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மலைச்சரிவு முழுவதும் கொசுவலைக்குள் தூங்குவது போலிருந்தது.

இந்த மலைக்கு இவ்வளவு ஆப்பிள் எப்படி வந்தது? இமயமலையில் ஆப்பிள் வேறு வெள்ளைக்காரர்களாலும் முன்பே பயிரிடப்பட்டதுதான். குலுப் பள்ளத்தாக்கில் காப்டன் லீ என்பவர் 1870-ஐ ஒட்டித் தோட்டம் போட்டார். சிம்லாவை அடுத்த மஷோப்ராவில் 1887-இல் அலெக்சாண்டர் கௌட்ஸ் போட்டார். அவை பெரும்பாலும் ஆங்கில நாட்டுப் புளிப்பு ரகங்கள். நம்மவர் நாக்குக்கு ஒவ்வவில்லை. கோட்கரில் நிலைமையை மாற்றியவர் ஓர் அமெரிக்கர். சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் என்பது அவர் பெயர். பிலடெல்பியா நகரத்துச் செல்வக் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர், 1904-இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்வதற்காக இந்தியாவுக்கு வந்தார். மறு வருஷம் காங்க்ராவில் பூகம்பம் ஏற்பட்டபோது நிவாரண வேலை செய்தார். பிறகு கோட்கருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. 1912-இல் உள்ளூர்க் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ் என்னும் பெண்ணை மணந்து, நிலம் வாங்கிக் குடியானவரானார். 1916-இல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் என்னும் இனிப்பு ரகத்தை வருவித்து நட்டார். தாம் மட்டும் பயிரிட்டுப் பணக்காரராகி விடாமல், அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கன்று கொடுத்து வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார் என்பதே அவருடைய பெருமை.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மலைவாசிகளைக் கூலியின்றி மூட்டை சுமக்க வைக்கும் 'பேகார்' என்னும் வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து ஸ்டோக்ஸ் கிராமத்தாரைத் திரட்டிப் போராடினார்; 1921-இல் கோட்கர்ப் பகுதியில் அது ஒழிந்தது. அதே வருஷக் கடைசியில் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததற்காக ஆங்கில அரசாங்கம் அவரைச் சிறையில் அடைத்தது. கதர் உடுத்தினார். 1932-இல் ஹிந்து மதத்தைத் தழுவிச் சத்யானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். சுதந்திரத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை, 1946-இல் காலமானார். அவர் கட்டிய பரமஜோதி மந்திரம் தானேதாரில் இன்றும் இருக்கிறது. மரத்தினாலான கட்டடம், கீதை, உபநிஷத வாக்கியங்களை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தாயார் எழுத்துத் தெரியாவிட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தது ஒரு தோட்டத்து வீடு. இப்பகுதியில் சில தோட்டக்காரர்கள் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டு, பருவ காலத்தில் தாங்கள் காட்டும் மரத்தில் பறித்துக்கொள்ளவும் அனுமதிக்கிறார்கள். பறித்ததை நிறுத்துச் சந்தை விலைப்படி பணம் கொடுத்துவிட வேண்டும். சொந்தக்காரர் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மையார். அவ்வூர்ப் பெண்களின் வழக்கப்படி தலையில் வண்ணத் துணி கட்டியிருந்தார். எங்களை வரவேற்றுத் தேநீர் கொடுத்தவர், குழந்தைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டதும், "நில்லுங்கள், நில்லுங்கள்! முதலில் பாடம், பிறகுதான் பழம்" என்று ஹிந்தியில் அதட்டிவிட்டார்.

பாடம் இதுதான். ஆப்பிள் பழம் நீண்ட கிளையின் நுனியில் காய்ப்பதில்லை. விரற்கடை நீளமே உள்ள, கணுக்கணுவான குட்டைக் கிளைகளில் காய்க்கிறது. இந்த வருஷப் பழம் தொங்கும் அந்தக் குட்டைக் கிளையிலேயே, பழத்தின் காம்புக்குப் பக்கத்தில், அடுத்த வருஷத்துக்கான மொட்டு இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எங்களுக்குக் காட்டினார். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாயிருந்தது. பழத்தைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுத்தால் குட்டைக் கிளையும் சேர்ந்து முறிந்து வரும். அதோடு அடுத்த வருஷப் பழம் போயிற்று. அதற்கடுத்த பல வருஷங்களின் பழமும் போயிற்று. ஆகையால் பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஆள்காட்டி விரலைக் காம்பின் மேல் வைத்து, மேல்நோக்கித் தூக்கிச் சற்றே திருப்ப வேண்டும். பழுத்திருந்தால் தானே கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அது இன்னும் உங்களுக்குரியதல்ல; விட்டுவிட வேண்டும். காம்பு பழத்தோடேயே இருக்க வேண்டும். காம்பில்லாத பழத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. கூடையில் போடக் கூடாது, முட்டையை வைப்பது போல் வைக்க வேண்டும்.

குழந்தைகள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு இதை ஒரு மணி நேரம் செய்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் அத்தனை சிரத்தை காட்டி நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் தாயார் ஒரே ஒரு பழம் பறித்தார். பறித்ததும் தின்னவில்லை, முகர்ந்து பார்த்தார். "இதற்கு இவ்வளவு வாசனை உண்டா! நமக்கு வருவதற்குள் எங்கே போய்விடுகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் பழம் லாரியில் நாட்கணக்காகப் பயணம் செய்கிறது; குளிர்சாதனக் கிடங்குகளில் மாதக்கணக்காகத் தூங்கிவிட்டு வருவதும் உண்டு. மரத்தடியில் கடித்தபோது பற்கள் உடைவது போல் சத்தம் கேட்டது. சாறு முழங்கை வரை வழிந்தது. மாவு போல் உதிரும் பழத்தையே ஆப்பிள் என்று இத்தனை காலம் தின்றுவந்தோம்.

கொடைக்கானலிலும் ஆப்பிள் உண்டே என்று ஓர் அன்பர் கேட்கலாம். உண்டு. குறைந்த குளிரிலும் காய்க்கும் பார்லின்ஸ் பியூட்டி என்னும் ரகம் அங்கே வளர்கிறது. ஆனால் டெலிஷியஸ் ரகத்துக்கு மாரிக்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். அந்தக் கணக்குத் தீர்ந்தால்தான் சித்திரையில் ஒழுங்காகப் பூக்கும். தன் பூந்தாதினால் அது காய்ப்பதும் இல்லை. தோட்டத்தில் வேறு ரக மரங்கள் இடையிடையே இருக்க வேண்டும், தேனீயும் வேண்டும். பூக்கும் மாதத்தில் தேன்பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைக்கிறார்கள்! அது மட்டுமா? விதை போட்டால் தாய்ப் பழம் போல் வராது. ஆகவே ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்னும் விவசாயியின் நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தானாக முளைத்த ஒரே மரத்தின் வாரிசுகளே உலகத்திலுள்ள ரெட் டெலிஷியஸ் மரங்கள் அனைத்தும். வேர் ஓர் ஊர், தலை வேறோர் ஊர். "நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல" என்றார் எங்களோடு வந்த நண்பர். அவருடைய பிள்ளை அப்போது ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

பறித்த பழம் தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போகிறது. பார்சல் ஆபீஸில் பெட்டிகளை நிறுத்துப் பழகிய கண்ணுக்கு அங்கேதான் நல்ல விருந்து. பெரிது, நடுத்தரம், சிறிது என்று அளவு பார்த்து, ஒவ்வோர் அளவையும் தனித்தனிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். மிகச் சிறிய பழத்துக்கு 'பித்து' என்று பெயராம். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்காலத்தில் மரப்பெட்டி, காடு அழிகிறதென்று அட்டைப் பெட்டிக்கு மாறினார்கள். அந்த அட்டைப் பெட்டியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் சந்தையில் விலை பேசுவார்கள். பெட்டியோ மேல்மூடியை உயர்த்த உயர்த்த அதிகம் கொள்ளும். இருபது கிலோவுக்குப் பெட்டி என்று பெயர். முப்பது கிலோ வரை திணித்தால்தான் வியாபாரி கையில் தொடுவார். வித்தியாசம் விவசாயி தலையில். பல வருஷம் தோட்டக்காரர்கள் இதை எதிர்த்துக் கூக்குரலிட்ட பிறகு, 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து ஹிமாசலப் பிரதேச அரசு உயர்த்த முடியாத ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கியது. ஏறக்குறைய இருபது கிலோ கொள்ளும். நாங்கள் சென்றது அந்தப் புதுப் பெட்டியின் முதற் பருவத்தில். "அட்டைப் பெட்டிதான். ஆனால் எங்கள் மாமனார் காலத்திலிருந்து கேட்டது இதைத்தான்" என்றார் அம்மையார். எடையில் ஏமாற்றுவது எத்தனை பெரிய பாவம் என்பது தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்ததில் எங்களுக்கு ஏற்பட்ட திருப்தி, மலைக்காட்சி பார்த்ததில் ஏற்பட்டதற்குக் குறைந்ததல்ல.

கொட்டகையில் வேலை செய்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்த குடும்பத்தினர். முதுகில் கூம்பு வடிவக் கூடையை மாட்டிக்கொண்டு, செங்குத்தான சரிவில் பழம் சுமந்து ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கை இல்லாவிட்டால் இந்த மலையின் ஆப்பிள் மரத்திலேயே அழுகும் என்று அம்மையாரே சொன்னார். அவர்களில் ஒரு பெண்மணி எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்து, "உங்கள் ஊர் எது, அக்கா?" என்று விசாரித்தார்.

"தமிழ்நாடு."

"எவ்வளவு தூரம்?"

"டில்லியிலிருந்து ரயிலில் இரண்டு இரவு."

"எங்களுக்கும் இங்கிருந்து இரண்டு இரவுதான், பஸ்ஸில்" என்று சிரித்தார். பருவம் முடிந்ததும், தசரா சமயத்தில் வரும் தசைன் பண்டிகைக்கு ஊர் திரும்புவார்களாம். அவருடைய பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். பழங்களின் காம்பு ஒன்றையொன்று குத்தாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டோம். "ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. இரண்டு பள்ளிக்கூடத்திலும் பெயர் இருக்கிறது. இரண்டிலும் படிப்பு ஏறவில்லை" என்றார் தாயார். நம்மில் பலர் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துத் தூங்காத இரவுகள் உண்டு. ஆனாலும் நமக்கு மாற்றல் சில வருஷங்களுக்கு ஒரு தடவை; அந்தக் குழந்தைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை. அவளுக்குத் தமிழ் எண்களை ஒன்று முதல் பத்து வரை எங்கள் குழந்தைகள் கற்றுக்கொடுத்தார்கள். அவள் நேபாளி எண்களைக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் தாயார் டில்லியிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை முழுவதுமாக அவள் கையில் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் எங்களுக்குத் தின்ன ஒன்றும் இல்லை, ஆப்பிளைத் தவிர!

இனிப் பேருந்து விஷயம். அம்மையாரின் தோட்டத்தில் சாலையோரமாக இரண்டு மரங்கள் இருந்தன. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு வண்டி நிறைய வந்த யாரோ உல்லாசப் பயணிகள் வேலியைத் தாண்டி ஏறிப் பழம் பறித்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்களாம். ஒரு பெரிய கிளை அடியோடு கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. குட்டைக் கிளைகள் முறிந்த இடங்கள் மரமெங்கும் பல் விழுந்த வாய் போல் இருந்தன. "தின்ற பழத்துக்கு நான் அழவில்லை. பசித்தவன் கேட்டால் கொடுத்திருப்பேன். இந்த மரம் என் கல்யாணத்துக்கு மறு வருஷம் நட்டது" என்றார். பழைய முறையில் நட்ட மரம் நன்றாகக் காய்க்கப் பத்து வருஷம் வேண்டும். இங்குள்ள பல குடும்பங்களுக்கு வருஷ வருமானம் முழுவதும் ஆறு வார காலத்துக்கு மரத்தில் தொங்குகிறது. அதற்குள் ஐந்து நிமிஷ ஆலங்கட்டி மழை போதும், சாலையை மறிக்கும் ஒரு மண்சரிவு போதும். அந்த ஆறு வாரத்தில் நாம் ஐம்பது பேராகப் போய் இறங்குவது சரியல்ல என்பது எங்கள் அபிப்பிராயம். சங்கத்தின் செயற்குழு இதை யோசிக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று குடும்பமாக, முன்கூட்டி எழுதிக் கேட்டு, தங்கிப் பறிப்பதுதான் அவர்களுக்கும் மரியாதை, நமக்கும் லாபம். ஐம்பது பேர் போனால் அந்த அம்மையாரின் பாடத்தை யார் காதில் வாங்குவார்கள்?

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில விவரங்கள். தானேதார் உயரத்தில் ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை பறிப்பு நடக்கிறது; மழைக்கு அஞ்சுகிறவர்கள் செப்டம்பரில் போகலாம், இன்னும் உயரத்திலுள்ள தோட்டங்களில் அப்போதும் பழம் இருக்கும். கல்காவில் விடியற்காலையில் புறப்படும் சிறு ரயிலைப் பிடித்தால் சிம்லா சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, விடுமுறை நாட்களுக்கு அன்றைக்கே இடம் தீர்ந்துவிடுகிறது. சிம்லாவிலிருந்து தானேதார் சுமார் 80 கிலோமீட்டர். மலைப்பாதையாகையால் மூன்று மணி நேரமாவது வேண்டும். புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது. நார்கண்டாவுக்கு அப்பால் ரொட்டியும் ராஜ்மாவும்தான். வயதானவர்களுக்குக் கம்பளியும் கைத்தடியும் அவசியம். பறித்த பழங்களைத் தாளில் சுற்றிப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடுக்கினால் டில்லி வெயிலிலும் பத்து நாள் தாங்குகின்றன. எங்கள் தாயார் நான்கை மட்டும் ஒளித்து வைத்துப் பன்னிரண்டாம் நாள் எடுத்துக் கொடுத்தார். அவையும் நன்றாகவே இருந்தன.